பொட்டு வைத்த நட்டு

இப்றாஹிம் நானா மறியல் சிறையில் இருந்து வெளியே வருவாரா மாட்டாரா என்பது ஒரு போல்ட்டின் முகத்தில் ஒட்டியிருந்த சிவப்பைப் பொறுத்திருந்தது. மிளகை விடச் சற்றுப் பெரிய ஒரு புள்ளி, அவ்வளவுதான். அந்தப் புள்ளிக்கு அவ்வளவு கனம் எங்கிருந்து வந்தது என்று விளங்க வேண்டுமானால், அது ஒட்டியிருந்த காரை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

கார் பிரெஞ்சுக்காரன் செய்தது. முதலாவது மகாயுத்தத்துக்கு இரண்டு வருஷம் முந்தியது. ஹற்றன் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர் கப்பலில் இறக்குவித்து, பிறகு புதுக் கார் வாங்கியதும் தேயிலைப் பக்டரிக்குப் பின்னால் இதைத் தள்ளிவிட்டார். இரண்டாவது யுத்தம் முடிந்து துரை தோட்டத்தை விற்றுவிட்டு ஊருக்குப் போகிறபோது, அதன் பின் ஆசனத்தில் கோழி அடை கிடந்தது. சிவபாதசுந்தரம் அதை லொறியில் ஏற்றி வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்தார்.

சிவபாதசுந்தரம் நில அளவைக் கந்தோரில் படம் வரைபவர். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் அருந்ததியோடு குடியிருந்தார். பிள்ளைகள் இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில் ஒன்று இருந்தது. கார் அதற்குள் போனது. அருந்ததியின் தமையன் நாகேந்திரம் வந்து பார்த்துவிட்டு, தள்ளுகிறதுக்கு ஆளையும் சேர்த்துத்தான் வாங்கினாரா என்று கேட்டார். சிவபாதசுந்தரம், அதுக்குத்தான் மச்சான் இருக்கிறார் என்றார்.

தள்ளுவதற்கு மச்சான் வரவில்லை. திருத்துவதற்கு இப்றாஹிம் நானா வந்தார். கொட்டாஞ்சேனையில் வீடு, கிராண்ட்பாஸில் ஒரு கராஜில் வேலை. ஞாயிறு தோறும் பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வருவார். இப்படியான கார்களை இளவயதில் கழற்றிப் பூட்டியவர். கூலி பேச வந்த முதல் நாள் பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டுக் கூலியைப் பற்றிப் பேசவே மறந்துபோனார்.

அந்தக் காரில் எல்லாமே வெளியே தெரியும். அதுதான் அதன் அழகு. இன்றைய காரில் எது எதைத் தள்ளுகிறது என்று காண முடியாதபடி தகட்டால் மூடியிருக்கும். இதில் ஒரு தடி இன்னொரு தடியை இழுப்பதையும், அது போய் ஒரு நெம்புகோலைத் திருப்புவதையும் நின்று பார்க்கலாம். கிளச்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தம்ளருக்குள் இன்னொரு தம்ளரை இறுக்கிச் செருகினால் இரண்டும் ஒன்றாகச் சுழலும் அல்லவா? அதேதான். உள் தம்ளருக்கு வெளியே தோல் சுற்றியிருக்கும். பழைய தோல் காய்ந்து அப்பளம் போல் ஆகியிருந்தது. இப்றாஹிம் நானா கிராண்ட்பாஸில் புதுத் தோல் வெட்டுவித்து, ஆமணக்கெண்ணெயில் ஊறப்போட்டுக் கொண்டுவந்தார். எண்ணெய் கூடினால் தோல் வழுக்கும், கார் அசையாது. குறைந்தால் கவ்விப் பிடித்து, கார் ஆடு போலத் துள்ளும். பதம் வரும் வரை இருவரும் துள்ளியும் வழுக்கியும் பார்த்தார்கள்.

எஞ்சினைக் கையால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். சுழற்றுவதற்கு முன் மின்பொறியைப் பிந்தி விழவைக்கும் சிறு நெம்புகோலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். மறந்தால் பொறி முந்தி விழும்; எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும்; கைப்பிடி மணிக்கட்டை முறிக்கும். அதனால் பெருவிரலைக் கைப்பிடியின் மறுபக்கம் கொடுக்காமல், மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துப் பிடிப்பார்கள். உதைத்தால் கை தானாகக் கழன்றுவிடும். முதல் முறை எஞ்சின் பிடித்த அன்று ஒழுங்கைச் சனம் முழுக்கக் கொட்டில் வாசலில் நின்றது. சிவபாதசுந்தரம் சிரித்துக்கொண்டே அழுதார்.

இனி ஸ்டியரிங். கதை அதில்தான் இருக்கிறது.

கையில் பிடிக்கும் வட்டைத் திருப்பினால், அதன் அடியில் உள்ள பெட்டியில் இருந்து வெளியே தொங்கும் ஓர் இரும்புக் கை முன்னும் பின்னும் ஆடும். அந்தக் கையில் இருந்து ஒரு நீளத் தடி முன்சக்கரத்துக்குப் போகும். கை ஆட, தடி தள்ள, சக்கரம் திரும்பும். ஓட்டுகிறவனுக்கும் சாலைக்கும் இடையில் இருப்பது அந்த ஒற்றைத் தடி மட்டும். தடியின் இரண்டு முனைகளிலும் கூம்பு வடிவமான போல்ட்டு ஒவ்வொன்று, அதன் மேல் நட்டு. நட்டின் தலை கோட்டை மதில் போல வெட்டு வெட்டாக இருக்கும். போல்ட்டில் குறுக்கே ஒரு துளை. நட்டை இறுக்கி, வெட்டும் துளையும் நேராகும்போது அதனூடாக ஓர் இரட்டைக் கம்பி ஊசியைச் செருகி, நுனிகளைக் குறட்டால் விரித்து மடக்கிவிட வேண்டும். மெக்கானிக்குகள் அதைப் பின் என்பார்கள். பின் இருக்கும் வரை, எவ்வளவு குலுங்கினாலும் நட்டு சுழலாது.

இருவரும் ஒன்றாக வேலை செய்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். மற்ற நாட்களில் கந்தோர் விட்டு வந்து சிவபாதசுந்தரம் தனியே வேலை செய்வார். அதனால் ஒருவர் எதை முடித்தார், எதைப் பாதியில் விட்டார் என்று மற்றவருக்குத் தெரியாமல் போகும் ஆபத்து இருந்தது. அதற்கு ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். நட்டை இறுக்கிப் பின்னையும் போட்ட பிறகு, நட்டுக்கும் போல்ட்டின் முகத்துக்கும் குறுக்கே சிவப்புப் பெயின்ற்றால் ஒரு தொடுகை. பின் போடாமல் பெயின்ற் தொடக்கூடாது. சிவப்பு இருந்தால் முடிந்த வேலை, இல்லாவிட்டால் முடியாத வேலை. வெட்டுகளுக்குள் கிறீஸ் அடைந்திருக்கும்போது பின் இருக்கிறதா என்று விரலால் துழாவ வேண்டியதில்லை, சிவப்பைப் பார்த்தால் போதும். அடையாளம் வைப்பதே உள்ளே பாராமல் இருப்பதற்காகத்தான். நல்ல முறை. சிவபாதசுந்தரம் அதற்குப் பொட்டு என்று பேர் வைத்தார். நானா இண்டைக்கு எத்தினை பேருக்குப் பொட்டு வைச்சார் என்று சாப்பிடும்போது அருந்ததியிடம் சொல்லிச் சிரிப்பார். பின்னைப் பற்றி அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லத் தோன்றவில்லை.

நவராத்திரி வந்தது. விஜயதசமியன்று காரை முதன்முதலாக ரோட்டில் இறக்குவது என்று அருந்ததி நாள் பார்த்திருந்தாள். ஆயுத பூசைக்கு முதல் நாள் இப்றாஹிம் நானா கராஜில் லீவு எடுத்துக்கொண்டு வந்து, ஸ்டியரிங் தடியைக் கழற்றி, அதன் முனைகளில் தேய்ந்திருந்த கிண்ணங்களை மாற்றிப் பூட்டினார். முன்சக்கரப் பக்கத்து நட்டுக்குப் பின் போட்டு, சிவப்பும் தொட்டார். இரும்புக் கைப் பக்கத்து நட்டுக்கு வந்தபோது பழைய பின் முறிந்துபோனது. டின்னில் இருந்தவை எல்லாம் மெல்லியவை. சரியான தடிப்பு கிராண்ட்பாஸில்தான் இருந்தது. நட்டைக் கையால் இறுக்கி விட்டுவிட்டு எழும்பினார்.

அந்த நேரம் சிவபாதசுந்தரம் ஆயுதங்களைச் சேர்க்க வந்தார். ஸ்பானர், சுத்தியல், அரம், குறடு எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பூசைக்கு வைக்க வேண்டும். வைத்தால் விஜயதசமி காலை வரை யாரும் தொடக்கூடாது.

“ஒரு நட்டுக்குப் பின்னு இல்ல தம்பி,” என்றார் இப்றாஹிம் நானா. “அது போடாம ரோட்டுல எறக்காதீங்க.”

“பூசைக்கு வைச்ச வாகனத்தை ஆர் நானா எடுக்கிறது? நாளைக்குப் பின் ஒண்டு கிடைச்சால் பின்னேரம் உங்கட குறட்டோட வாங்கோ. நாங்கள் கோயிலுக்குப் போயிடுவம். உங்கட குறட்டிலை சரஸ்வதிக்கு அதிகாரமில்லை.”

“பூசையன்டைக்கி நான் வந்து இரும்பு தட்டினா தங்கச்சிக்கு மனசு நோகும். மறுநாள் வெள்ளன வந்து போடுறன்.”

அப்படித்தான் பிரிந்தார்கள். ஒருவர் வரச் சொன்னார், மற்றவர் பூசையன்று வரமாட்டேன் என்றார். வந்தாலும் வருவார் என்று சிவபாதசுந்தரத்தின் மனதில் ஒரு மூலை நினைத்திருக்க வேண்டும்.

பூசையன்று அருந்ததி காரைக் கழுவித் துடைத்து அலங்கரித்தாள். குங்குமம் அவள் வீட்டிலேயே செய்தது, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து. வெறும் தூள் இரும்பில் ஒட்டாது என்று பன்னீர் விட்டு, கொஞ்சம் சந்தனமும் சேர்த்துக் குழைத்துக்கொண்டாள். விளக்குகளுக்கு வைத்தாள், வட்டுக்கு வைத்தாள், நாலு சக்கரத்துக்கும் வைத்தாள். முன்சக்கரத்துக்கு வைக்கக் குனிந்தபோது அந்தத் தடி கண்ணில் பட்டது. சக்கரத்தோடு சேரும் முனையில் நட்டுக்குப் பொட்டு இருந்தது. அச்சில், சட்டத்தில், வில்லுகளில், பார்த்த இடமெல்லாம் நட்டுகளுக்குப் பொட்டு இருந்தது. தடியின் மறுமுனையில் ஒன்று மட்டும் மொட்டையாக நின்றது. நல்ல நாளும் அதுவுமாக ஒன்றை மட்டும் விட்டுவிடுவானேன் என்று நினைத்தாள். துணியால் துடைத்துவிட்டு, மோதிர விரலால் அதற்கும், மற்றவற்றைப் போலப் போல்ட்டின் முகத்தோடு சேர்த்து, ஒரு பொட்டு வைத்தாள்.

அன்று மாலை இருவரும் கோயிலுக்குப் போனார்கள். கொட்டில் பூட்டாமல் கிடந்தது.

விஜயதசமி காலை சிவபாதசுந்தரம் ரோர்ச் லைட்டோடு காரின் கீழே புகுந்து ஒவ்வொரு நட்டாகப் பார்த்தார். கவனமான மனுஷர். வெளியே வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. நானாவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை, எல்லாம் முடிஞ்சுது என்றார். நானா பூசையன்று பின்னேரமே வந்துபோயிருக்கிறார் என்று அவர் எடுத்துக்கொண்டார் என்பது அருந்ததிக்குத் தெரியாது. நானா வருகிறதாக இருந்ததே என்றுகூட அவள் கேட்கவில்லை. சுப நேரம் போய்க்கொண்டிருந்தது. சக்கரங்களின் கீழே எலுமிச்சங்காய் வைத்தாள்; யாழ்ப்பாணத்தில் தேசிக்காய் என்பார்கள். கார் அவற்றை நசித்துக்கொண்டு ஒழுங்கையில் இறங்கியது. எஞ்சின் சூடாகப் பாமன்கடை வரை ஒரு சுற்றுப் போய்வந்து, பிறகு அவளையும் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போவதாகச் சொன்னார்.

கையால் இறுக்கிய நட்டு, பின் இல்லாவிட்டால், ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் சுழலும். முதலில் மெல்ல, தளர்ந்த பிறகு வேகமாக. நட்டு விழுந்த பிறகும் கார் உடனே தவறாது. போல்ட்டின் கூம்பு இரும்புக் கையின் துளைக்குள் இறுகியிருப்பதால், அது இன்னும் சற்றுத் தூரம் தாங்கும். ஓட்டுகிறவனுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. பாமன்கடைப் பாலத்துக்கு முந்திய குழியில் அந்தக் கூம்பு கழன்றது. பாலத்தடியில் ரோட்டு வளைகிறது. சிவபாதசுந்தரம் வட்டைத் திருப்பினார். வட்டு கையில் சும்மா சுழன்றது. அந்தக் காலத்துக் கார்களுக்கு முன்சக்கரத்தில் பிறேக் கிடையாது. பின்சக்கரங்கள் இழுபட்டுக்கொண்டே போயின. கார் பாலத்தின் கட்டில் மோதிக் கரையில் கவிழ்ந்தது. வட்டின் தண்டு அவருடைய நெஞ்சில் இறங்கியிருந்தது. தூக்கி எடுத்தபோது உயிர் இல்லை.

இப்றாஹிம் நானா பஸ்ஸால் இறங்கி ஒழுங்கைக்குள் வந்தபோது கொட்டில் வெறுமையாக இருந்தது. நசுங்கிய தேசிக்காய்களைப் பார்த்துவிட்டுப் பாமன்கடைப் பக்கம் ஓடினார். அங்கே நின்ற பொலிஸ்காரன் சிங்களத்தில் அவர் யார் என்று கேட்டான். அவர் தன் சட்டைப் பையில் கைவிட்டு, கடதாசியில் சுற்றிய பின்னை எடுத்துக் காட்டி, இது போட வேண்டியது, இன்னும் போடவில்லை என்றார். கேளாமலே சொன்ன அந்த வார்த்தைதான் அவருக்கு எதிரான முதல் சாட்சியானது.

இரண்டாவது சாட்சி அந்தச் சிவப்பு. மோட்டார் பரிசோதகர் வந்து போல்ட்டைக் கழற்றிப் பழுப்புக் கடதாசியில் சுற்றிக்கொண்டு போனார். அவர் வேலை தெரிந்தவர். துளைக்குள் முறிந்த கம்பித் துண்டு எதுவும் இல்லை. ஆகவே பின் முறிந்து விழவில்லை, போடப்படவே இல்லை. ஆனால் போல்ட்டின் முகத்தில் சிவப்பு இருக்கிறது. சிவப்பின் அர்த்தம் என்ன என்று கேட்டபோது இப்றாஹிம் நானாவே முழு முறையையும் விளக்கியிருந்தார். ஆகவே மெக்கானிக் பின்னைப் போடாமலே போட்டதாக அடையாளம் வைத்திருக்கிறார். அதை நம்பி ஒரு மனுஷர் செத்திருக்கிறார். மரண விசாரணை முடியும் வரை அவரை மறியலில் வைத்தார்கள். பரிசோதகரின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அவரிடம் இருந்த துண்டுகளை வைத்து யாராக இருந்தாலும் அந்த முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள்.

அருந்ததிக்கு இதொன்றும் தெரியாது. எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு இன்னும் நாள் கிடந்தது. வெள்ளைச் சேலையோடு அறைக்குள் இருந்தாள். பொலிஸ் வந்தபோது நாகேந்திரம்தான் வாசலில் நின்று பேசி அனுப்பினார். மெக்கானிக் பின் போடவில்லை என்று மட்டும் தங்கைக்குச் சொன்னார்.

ஒரு மத்தியானம் இப்றாஹிம் நானாவின் மனைவி றஸ்மியா வந்தாள். நாகேந்திரம் கந்தோரில் இருந்த நேரம். பின்பக்கத்தால் வந்து, அருந்ததியின் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். புருசனுக்காகக் கேட்க வரவில்லை என்றுதான் தொடங்கினாள்.

“அவர் பெயின்டு பூசல்ல எண்டு செல்றார். அல்லா மேல ஆணையா பூசல்ல எண்டு செல்றார். அப்ப போல்ட்டுல ஈக்கிற செவப்பு ஆரு வெச்சது எண்டு கேட்டா, வாயத் தொறக்கிறார் இல்ல. எனக்கிட்டயும் செல்றார் இல்ல. தங்கச்சி, நீங்க யாரையும் கண்டீங்களா?”

அருந்ததி எந்தப் போல்ட்டு என்று கேட்டாள். தடியின் எந்த முனை என்று கேட்டாள். றஸ்மியாவுக்கு அதெல்லாம் சரியாகத் தெரியவில்லை. சக்கரப் பக்கம் இல்லையாம், மற்றப் பக்கமாம் என்றாள். அந்தச் சிவப்பு இருந்தால் உள்ளே பின் இருக்கிறது என்று அர்த்தமாம், அதைப் பார்த்துத்தான் தம்பி காரை எடுத்தாராம் என்றும் சொன்னாள்.

அருந்ததி தன் வலது கையைப் பார்த்தாள். பிறகு அதைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். றஸ்மியா அவளுக்கு மயக்கம் வருகிறது என்று நினைத்துத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

அன்று பின்னேரம் தமையன் வந்ததும் அருந்ததி எல்லாவற்றையும் சொன்னாள். நாகேந்திரம் கேட்டுக்கொண்டே கதவைச் சாத்தினார். தங்கையில் உயிரையே வைத்திருந்தவர் அவர். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் அடுத்ததைக் கேட்க வேண்டும்.

“இதை ஒருத்தரிட்டையும் சொல்லாதை. தன்ர குங்குமத்தாலை புருசனைச் சாகடிச்சவள் எண்டு சனம் சொல்லும். அத்தானின்ர ஆக்கள் உன்னை நடையும் மிதிக்க விடாங்கள்.”

“நானா உள்ளுக்கு இருக்கிறார், அண்ணை.”

“அவருக்கு ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ. உனக்குச் சாகுமட்டும்.”

அவள் பாயில் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

விசாரணை நாளன்று நாகேந்திரம் போன பிறகு அவள் எழும்பினாள். அந்தியேட்டி முடியாமல் வெளியே போகக்கூடாது. முற்றத்து மரத்தில் தேசிக்காய் ஒன்று பிடுங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, பாதையில் வந்த ரிக்ஷாவை மறித்தாள். எதிரே வந்த இரண்டு பேர் அவளைக் கண்டதும் மற்றப் பக்கத்துக்குப் போனார்கள்.

மஜிஸ்ரேட் கோட்டில் இப்றாஹிம் நானா கைதிக் கூட்டுக்குள் நின்றார். தாடி வளர்ந்திருந்தது. மஜிஸ்ரேட் இங்கிலிஷில் கேட்க, கோட்டு மொழிபெயர்ப்பாளரான முதலியார் தமிழில் திருப்பிச் சொன்னார். போல்ட்டைக் கையில் கொடுத்து, இது உம்முடைய பெயின்ற்றா என்று கேட்டார்கள். அவர் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். தன் பெயின்ற் அவருக்குத் தெரியும்; காய்ந்தால் அது மினுங்கும், தூரிகையின் கோடு விழும். இதில் மினுக்கம் இல்லை. விரல் ரேகை இருந்தது. அவருக்கு விளங்காமல் இல்லை. பொலிசில் முதல் தரம் பார்த்தபோதே விளங்கியிருந்தது.

“நான் பூசல்ல,” என்றார். பூசாவிட்டால் இது என்ன என்று கேட்டார்கள். தெரியாது என்றார். இதை மூன்றாம் முறை கேட்டபோது முதலியார் குரலைத் தணித்து, சொல்லிப்போடும் ஐயா, உமக்குத்தான் நட்டம் என்று தன் பாட்டில் சேர்த்தார். இப்றாஹிம் நானா போல்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

அருந்ததி சனம் இருக்கும் கடைசி வாங்கில் இருந்து எழுந்தாள். நாகேந்திரம் திரும்பிப் பார்த்தார். எழும்பி அவளிடம் வருவதற்குள் அவள் நடந்துவிட்டாள். இறந்தவரின் பெண்சாதி என்று முதலியார் சொன்னதும் மஜிஸ்ரேட் அவளுக்குக் கதிரை போடச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

“அது பெயின்ற் இல்லை. குங்குமம். நான்தான் வைச்சனான்.”

முதலியார் அதை இங்கிலிஷில் திருப்பிச் சொன்னார். பரிசோதகர், துக்கத்தில் இருக்கிறவர் அப்படி நினைப்பது இயல்பு என்றும், காய்ந்த சிவப்பைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது என்றும் மரியாதையாகச் சொன்னார். கண்ணால் பிரிக்கத் தேவையில்லை என்றாள் அருந்ததி. தலைப்பு முடிச்சை அவிழ்த்துத் தேசிக்காயை மேசையில் வைத்தாள்.

மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். ஆலாத்தித் தண்ணீர் சிவப்பது அதனால்தான். சிவந்ததில் புளி பட்டால் சுண்ணாம்பின் வேலை அழிந்து, மஞ்சள் மறுபடி மஞ்சளாகிவிடும். கடையில் சாயம் போட்டு விற்கும் குங்குமம் மாறாது. வீட்டில் செய்தது மாறும். பெயின்ற்றுக்கோ புளி பட்டாலும் ஒன்றுதான், படாவிட்டாலும் ஒன்றுதான். பரிசோதகர் இதைக் கேட்டுத் தலையசைத்தார். தடியின் மற்ற முனைப் போல்ட்டையும் கொண்டுவரச் சொன்னவர் அவரேதான். அதில் நட்டும் பின்னும் இப்றாஹிம் நானாவின் பெயின்ற்றும் அப்படியே இருந்தன. கோட்டுச் சேவகன் தேசிக்காயை வெட்டினான்.

முதலில் சக்கரப் பக்கத்துப் போல்ட்டில் பரிசோதகர் புளியை விட்டார். சிவப்பு சிவப்பாகவே நின்றது. அவர் துணியால் தேய்த்தும் பார்த்தார்.

மற்றப் போல்ட்டை அருந்ததி கேட்டு வாங்கினாள். தேசிக்காய்ப் பாதியைப் பிழிந்து, மோதிர விரலால் அந்தப் புள்ளியைத் தடவினாள். சபை எழும்பி எட்டிப் பார்த்தது. சிவப்பு ஓரத்தில் தொடங்கிக் கரைந்து, முழுப் புள்ளியும் மஞ்சளானது. அவளுடைய விரலும் மஞ்சளானது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அதை இடுப்புச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் சட்டப்படி நடந்தது. பின் இல்லாத நட்டுக்கு மெக்கானிக் அடையாளம் வைக்கவில்லை, பின் போடாமல் ஓட்ட வேண்டாம் என்று சொன்னதை மறுக்கச் சாட்சி இல்லை, இது விபத்து. இப்றாஹிம் நானாவைக் கூட்டில் இருந்து விட்டார்கள். றஸ்மியா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

நாகேந்திரம் தங்கையைப் பாராமல் படியிறங்கிப் போனார். இப்றாஹிம் நானா வராந்தாவில் அவளுக்கு முன்னால் வந்து நின்றார். தலையை நிமிர்த்தவில்லை.

“நீங்க இத செய்திருக்கத் தேவல்ல தங்கச்சி. நான் செல்லாம இருந்தது உங்களுக்காகத்தான்.”

“தெரியும் நானா,” என்றாள் அருந்ததி. “நீங்க உள்ளுக்கு இருந்தாலும் வெளியிலை வந்தாலும், பொட்டு வைச்சது நான்தானே.”

அவர் ரிக்ஷா பிடித்துத் தந்தார். கூட வருவதாக றஸ்மியா சொன்னதற்கு வேண்டாம் என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று இப்றாஹிம் நானா பழக்கத்தில் சொல்லிவிட்டு, எதற்கு என்று தனக்கே தெரியாமல் நின்றார்.

வீட்டில் யாரும் இல்லை. சாவுத் துடக்கு வீட்டில் சமைக்க வந்துபோகிறவளும் அன்று வரவில்லை. கோட்டில் நடந்தது அவளுக்கு முன்னே ஒழுங்கைக்கு வந்துவிட்டது போலும். அருந்ததி கிணற்றடிக்குப் போய் முழுகினாள். வெள்ளைச் சேலையின் இடுப்பில் விரலளவு மஞ்சள் கறை இருந்தது. தண்ணீரில் அலசினாள், போகவில்லை. சவர்க்காரத்தை எடுத்து அதன் மேல் தேய்த்தாள்.

சவர்க்காரமும் சுண்ணாம்பைப் போன்றதுதான், காரம். மஞ்சளில் பட்டால் அதே வேலையைச் செய்யும். அவள் தேய்க்கத் தேய்க்க, கறை கைக்குள் மெல்லச் சிவந்து, பூசையன்று குழைத்த நிறத்துக்கே திரும்பி வந்தது.

இன்னொரு தேசிக்காயைப் பிழிந்தால் அது மறுபடி மாறும் என்று அவளுக்குத் தெரியும். மரம் பக்கத்திலேயே நின்றது. அவள் சேலையை அப்படியே பிழிந்து கொடியில் போட்டாள்.